ஏழு வரிகளும் ஒரு மதிப்பெண்ணும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், விடுதி நினைவுகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டும் ஒன்பது கட்டுரை வந்திருக்கிறது. நீங்களாவது சரித்திரம் சம்பந்தமாக ஏதாவது எழுதுங்கள்" என்றார்கள். சரி என்றேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது சாம்பாரைப் போலவே இதுவும் கடைசியில் விடுதியில்தான் போய் முடிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1972 - 75 அணியைச் சேர்ந்த நண்பர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். இறுதி ஆண்டில் வரலாற்று மன்றத்தின் சார்பில் ஒரு கருத்தரங்கு நடந்தது. "சிறு சான்றும் பெரு வரலாறும்" என்ற தலைப்பில் நான் கட்டுரை வாசித்தேன். மேடையேறியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்று நான் பேசப்போவது பி 52 பற்றி" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், அரங்கமே அதிர்ந்தது. வியட்நாமில் குண்டு போட்ட அமெரிக்க விமானத்தின் பெயர் அது. பின் வரிசையிலிருந்து ஒருவர் குண்டு விழுகிற சத்தத்தை வாயாலேயே எழுப்பினார். (அவர் பின்னாளில் வங்கி மேலாளராகி ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது மறுக்கக்கூடும்.)

நான் பேச வந்தது விமானத்தைப் பற்றியல்ல. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பாப்பிரஸ் துண்டைப் பற்றி. பாப்பிரஸ் என்பதன் முதல் ஆங்கில எழுத்தையும், பட்டியலில் அதற்குரிய 52 என்ற எண்ணையும் சேர்த்து அறிஞர்கள் அதற்கு வைத்த பெயர் அது. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'பி'தான். யார் என்ன செய்ய முடியும்?

அன்று மேடையில் நான் சொன்னதில் ஒரு பிழை இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியவனை அவமானப்படுத்தி உட்கார வைத்தேன். பிறகு 33 ஆண்டுகள் கல்லூரி ஆசிரியராக அதே பிழையைப் பாடமாகவும் நடத்தினேன். பொன்விழாச் சந்திப்புக்குக் கூடும் இந்த நேரத்தில் அதைத் திருத்திவிடுவது என் கடமை. அதற்கு முதலில் துண்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

மான்செஸ்டருக்கு வந்த கதை

எகிப்து மழை குறைந்த நாடு. அதன் மணலில் புதைந்தது எளிதில் மக்குவதில்லை. பழங்காலத்தில் அங்கே குப்பையில் எறியப்பட்ட கடிதங்கள், ரசீதுகள், பத்திரங்கள், புத்தகங்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வெளியே வரத் தொடங்கின. இவற்றைத் தேடிப் போனவர்களில் பெரிய பெயர் பெற்ற ஜோடி பெர்னார்ட் கிரென்ஃபெல், ஆர்தர் ஹண்ட் என்ற இரண்டு ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்கள். ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரின் குப்பை மேடுகளை 1896 - 97 முதல் தோண்டியவர்கள் இவர்கள்தான்.

1920இல் கிரென்ஃபெல் எகிப்தின் பழம்பொருள் வியாபாரிகளிடமிருந்து ஒரு தொகுதி பாப்பிரஸ் துண்டுகளை விலைக்கு வாங்கினார். அவை இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பருத்தி வியாபாரத்தில் கோடீசுவரரான ஜான் ரைலண்ட்ஸின் நினைவாக அவர் மனைவி என்ரிகெட்டா எழுப்பிய நூலகம் அது. 1900இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த கோயம்புத்தூர்க்காரனான எனக்கு, அசல் மான்செஸ்டரில் பஞ்சுப் பணம் இப்படி ஒரு புத்தக அரண்மனையாக நிற்பதைக் கேட்டதும் கொஞ்சம் பொறாமை வந்தது உண்மை.

வாங்கிய துண்டுகள் பெட்டியில் கிடந்தன. 1926இல் கிரென்ஃபெல் இறந்துபோனார். 1934இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த காலின் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். 1909இல் பிறந்தவர்; அப்போது வயது 25தான் ஆகியிருக்கும். ஒரு சின்னத் துண்டில் இருந்த சில கிரேக்கச் சொற்களைப் படித்ததும் அவருக்குப் பொறி தட்டியது. யோவான் சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரம் அது! அடுத்த ஆண்டே, 1935இல், ஒரு சிறு நூலாக அதை வெளியிட்டார். நூலகத்தின் கிரேக்கப் பாப்பிரஸ் வரிசையில் அதற்கு 457 என்று எண்.

துண்டில் என்ன இருக்கிறது?

உயரம் சுமார் 9 சென்டிமீட்டர், அகலம் சுமார் 6. நம் பழைய பஸ் பாஸைவிடக் கொஞ்சம் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஏழு வரி, பின்பக்கம் ஏழு வரி. எந்த வரியும் முழுசாக இல்லை. முன்பக்கத்தில் வரிகளின் தொடக்கம் மட்டும், பின்பக்கத்தில் வரிகளின் முடிவு மட்டும். இரண்டு பக்கமும் சேர்த்துத் தெளிவாகவும் அரைகுறையாகவும் தெரிகிற எழுத்துகள் நூற்றுக்குச் சற்று மேல். நாம் வீட்டுக்கு எழுதிய "பணம் அனுப்பவும்" கார்டில்கூட இதைவிட அதிக எழுத்து இருந்திருக்கும்.

காட்சி என்னவென்றால், ரோமானிய ஆளுநர் பிலாத்துவின் முன்னால் இயேசு நிறுத்தப்பட்டிருக்கும் விசாரணை. முன்பக்கத்தில் 31 முதல் 33 வரையுள்ள வசனங்களின் சிதறல்கள்: மரண தண்டனை தரத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று யூதர்கள் சொல்வதும், பிலாத்து மறுபடி மாளிகைக்குள் போய் நீ அரசனா என்று கேட்பதும். பின்பக்கத்தில் 37, 38ஆம் வசனங்கள்: உண்மைக்குச் சாட்சி சொல்லவே வந்தேன் என்ற பதிலும், உண்மை என்றால் என்ன என்று பிலாத்து கேட்டுவிட்டு வெளியே போவதும்.

இதில் ஒரு வேடிக்கை. உண்மை என்ற சொல் பின்பக்கத்து மூன்றாவது வரியின் ஓரத்தில் முக்கால்வாசி தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆனால் உண்மை என்றால் என்ன என்ற அந்தப் புகழ்பெற்ற கேள்வி? அது கிழிந்துபோன பாகத்தில் போய்விட்டது. கேள்வியைக் காணோம். கேள்வி கேட்டு முடித்த பின் வரும் சொற்கள் மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. என் கதைக்கும் இதற்கும் பொருத்தம் அதிகம் என்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது.

துண்டிலிருந்து முழுப் பக்கம்

இரு பக்கமும் எழுதியிருப்பதால் இது சுருளின் பாகம் அல்ல, தாளை மடித்துக் கட்டிய புத்தகத்தின் பாகம். கோடெக்ஸ் என்பார்கள். அந்தக் காலத்துக் கிரேக்க இலக்கியம் பெரும்பாலும் சுருளில்தான் இருந்தது; சுருளில் உட்பக்கம் மட்டும் எழுதுவது வழக்கம். கிறிஸ்தவர்கள் ஆரம்பத்திலேயே புத்தக வடிவத்துக்கு மாறிவிட்டார்கள் என்பதற்கு இந்தத் துண்டும் ஒரு சான்று.

சரி, பக்கம் எவ்வளவு பெரிது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாதாரணக் கூட்டல் கழித்தல்தான். இந்த அதிகாரத்தின் வாசகம் மற்றப் பிரதிகளிலிருந்து நமக்குத் தெரியும். ஒரு வரியின் தொடக்கத்துக்கும் அடுத்த வரியின் தொடக்கத்துக்கும் இடையே விடுபட்ட எழுத்துகளை எண்ணினால், வரிக்குச் சுமார் 30 எழுத்து என்று வருகிறது. முன்பக்கத்து ஏழாம் வரிக்கும் பின்பக்கத்து முதல் வரிக்கும் நடுவே காணாமல் போன வாசகத்தை அந்த 30ஆல் வகுத்தால், 11 வரி விடுபட்டிருக்க வேண்டும். 7ம் 11ம் 18. ஆகப் பக்கத்துக்கு 18 வரி. பக்கத்தின் அளவு சுமார் 21க்கு 20 சென்டிமீட்டர். யோவான் சுவிசேஷம் முழுவதையும் இந்தக் கணக்கில் எழுதினால் சுமார் 130 பக்கம். கைக்குள் அடங்கும் துண்டிலிருந்து ஒரு புத்தகத்தின் உருவமே எழுந்து வந்துவிடுகிறது! இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் மிகையாகாது.

எழுதியவரின் கை

எழுத்து பெரிது, உருண்டை. கவனமாக எழுதியிருக்கிறார், ஆனால் தொழில்முறை எழுத்தரின் பகட்டு இல்லை. சொற்களுக்கு நடுவில் இடைவெளி விட்டு எழுதும் வழக்கம் அப்போது இல்லை; தொடர்ந்து எழுதிக்கொண்டே போவார்கள். நம் ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. படிக்கிறவன்தான் பிரித்துப் படிக்க வேண்டும்.

எழுத்துப் பிழைகளும் உண்டு. அந்தக் காலத்துக் கிரேக்கத்தில் 'எய்' என்று எழுதும் கூட்டெழுத்தும் வெறும் 'இ'யும் ஒரே ஒலியாகிவிட்டிருந்தன. அதனால் "உள்ளே போனார்" என்ற சொல்லை 'எய்' என்று தொடங்குவதற்குப் பதில் 'இ' என்று தொடங்கியிருக்கிறார். "நமக்கு" என்ற சொல்லில் நேர்மாறாக, 'இ' வர வேண்டிய இடத்தில் 'எய்' போட்டிருக்கிறார். நம் பையன்கள் 'ல'வும் 'ள'வும் மாற்றிப் போடுவது மாதிரிதான். விடைத்தாள் திருத்தியவர்களுக்குத் தெரியும், இந்த மாதிரிப் பிழைகள் எழுதியவன் காதால் எழுதியிருக்கிறான் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஐயோட்டா என்ற எழுத்தின் தலையில் சில இடங்களில் இரண்டு புள்ளி வைக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது.

இன்னொன்று நுட்பமானது. 37ஆம் வசனத்தில் "இதற்காக" என்ற தொடர் இரண்டு தடவை வரவேண்டும்: இதற்காகப் பிறந்தேன், இதற்காக உலகத்துக்கு வந்தேன் என்கிற பொருளில். துண்டின் அந்த வரியில் இரண்டாவது "இதற்காக"வையும் சேர்த்து எண்ணினால் வரி மற்ற வரிகளைவிட நீளமாகிவிடுகிறது. ஆகவே எழுதியவர் அதை விட்டுவிட்டார் என்றே ராபர்ட்ஸ் முதல் பலரும் கருதினார்கள். ஒரே சொல் இரண்டு முறை வரும்போது பார்த்து எழுதுபவரின் கண் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவிவிடும். நடுவில் உள்ளது போய்விடும், அல்லது இரண்டில் ஒன்று போய்விடும். விட்டுப்போனதாகச் சொல்லும் இடமே கிழிந்த பாகத்தில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இல்லாத இடத்தில் என்ன இல்லை என்று எண்ணிச் சொல்கிறார்கள்!

இதே முறையில் ஒரு வாதமும் நடந்தது. கிறிஸ்தவப் பிரதிகளில் இயேசு, கடவுள் போன்ற சொற்களைச் சுருக்கி எழுதி மேலே கோடு போடுவது வழக்கம். இந்தத் துண்டில் இயேசுவின் பெயர் வரவேண்டிய இடங்கள் எல்லாம் கிழிந்துவிட்டன. வரிகளின் நீளத்தைக் கணக்கிட்டு, இங்கே பெயரைச் சுருக்காமல் முழுசாகத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று 2001இல் கிறிஸ்டோபர் டக்கெட் வாதாடினார். வரியின் நீளம் முன்பின்னாக இருக்கும்போது இரண்டு மூன்று எழுத்தை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது என்று சார்ல்ஸ் ஹில், லாரி ஹர்டாடோ ஆகியோர் மறுத்தார்கள். எனக்கு இந்த மறுப்பில்தான் நியாயம் தெரிகிறது. வரி ஒரு சீராக இல்லாத கையெழுத்தில் ஓரிரு எழுத்தின் மேல் வீடு கட்டக்கூடாது.

வயது என்ன?

இனி என் பிழைக்கு வருகிறேன்.

துண்டில் தேதி கிடையாது. புத்தகப் பிரதிகளில் அந்தக் காலத்தில் தேதி போட மாட்டார்கள். ஆனால் பத்திரம், வரி ரசீது, மனு போன்றவற்றில் இன்ன பேரரசரின் ஆட்சியில் இத்தனையாவது ஆண்டு என்று எழுதியிருக்கும். ஆகவே தேதி உள்ள ஆவணங்களின் கையெழுத்தோடு தேதி இல்லாத பிரதியின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து வயது சொல்வார்கள். ராபர்ட்ஸும் அப்படித்தான் செய்தார். கி.பி. 94ஆம் ஆண்டுத் தேதியுள்ள ஒரு கடிதம் முதல் பலவற்றோடு ஒப்பிட்டார். ஃப்ரெடெரிக் கென்யன், ஹெரால்டு பெல், வில்ஹெல்ம் ஷூபார்ட் போன்ற பெரியவர்களிடமும் காட்டினார். இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி என்று முடிவாயிற்று. ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் டைஸ்மன் 1935லேயே ஹேட்ரியன் பேரரசர் காலம், அதாவது 117 முதல் 138க்குள், என்று இன்னும் சுருக்கினார்.

100க்கும் 150க்கும் நடுப்புள்ளி 125. போகப்போகப் புத்தகங்களில் நடுப்புள்ளி மட்டும் நின்றது. இரண்டு பக்கத்து எல்லையும் உதிர்ந்துவிட்டது. "சுமார் 125" என்று ஆனது, பிறகு "125" என்றே ஆனது. நம் கல்லூரி நூலகத்தில் இருந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் நான் படித்தது அந்த எண்ணைத்தான்.

அது ஏன் முக்கியம்? 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஃபெர்டினாண்ட் பௌர் என்ற அறிஞர், யோவான் சுவிசேஷமே 160 - 170 வாக்கில்தான் எழுதப்பட்டது என்று சொல்லியிருந்தார். எகிப்தில் 125இலேயே அதன் பிரதி இருந்தது என்றால் அவர் கோட்டை தகர்ந்தது அல்லவா? ஒரு சின்னத் துண்டு, ஒரு பெரிய கொள்கை, தாவீதும் கோலியாத்தும். இருபது வயதுப் பையனுக்கு இதைவிட ருசியான விஷயம் என்ன வேண்டும்?

14ஆம் அறைக்காரன்

என் கையெழுத்து யாருக்கும் புரியாது. எனவே கருத்தரங்கக் கட்டுரையை நல்ல தாளில் அழகாக எழுதிக் கொடுத்தவன் என் அறைத்தோழன். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். 14ஆம் அறைக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். கணிதம் படித்தவன். கரண்ட் போன ராத்திரியில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு 11 பக்கம் எழுதினான். "ஆகவே" என்று தொடங்கிய இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டான். மேடையில் அந்த இடத்தில் நான் தடுமாறினேன். பி 52ஐ எழுதியவருக்கு நேர்ந்ததாகச் சொன்ன அதே கண் தாவல்! அன்று அதை நான் ரசிக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவன் அவன்தான். "கையெழுத்தைப் பார்த்து வயசு சொல்றாங்க, சரி. முன்னே பின்னே எத்தனை வருஷம் பிசகும்? ஒருத்தன் இருபது வயசுல எழுதக் கத்துக்கிட்டு அறுபது வயசுலயும் அதே மாதிரிதானே எழுதுவான்? அதுக்கே நாற்பது வருஷம் ஆச்சே. அப்புறம் 125ன்னு எப்படி அடிச்சுச் சொல்றே?" என்று கேட்டான்.

பதில் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "கணக்கு நோட்டோட நிறுத்திக்கப்பா, சரித்திரம் உனக்கு வராது." அரங்கம் சிரித்தது. கை தட்டினார்கள். அவன் மெல்ல உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு எந்த மேடைப் பக்கமும் அவன் போகவில்லை. அறையில் உப்புக்கு, சோப்புக்குப் பேசிக்கொண்டோம். படிப்பு முடிந்து போகும்போது பெட்டியைத் தூக்கி ரிக்ஷாவில் வைத்ததும் அவன்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நான் ஆசிரியரானேன். வரலாற்று வரைவியல் பாடத்தில் சான்றுகளைப் பற்றி நடத்தும்போதெல்லாம் பி 52தான் என் கைவசம் இருந்த உதாரணம். 1994இல் என்று நினைவு, உள்தேர்வில் ஒரு மாணவன் அதன் காலம் "2ஆம் நூற்றாண்டு" என்று எழுதியிருந்தான். மாதிரி விடையில் 125 என்று இருந்ததால் ஒரு மதிப்பெண் குறைத்தேன். அவன் தாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "சார், 125ம் இரண்டாம் நூற்றாண்டுக்குள்ளதானே சார் வருது?" என்றான். "துல்லியமாக எழுதப் பழகு" என்று சொல்லி அனுப்பினேன்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்

2012இல் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போனபோது, மான்செஸ்டர் பார்த்தே தீர வேண்டும் என்று அடம் பிடித்தேன். டீன்ஸ்கேட் தெருவில் கோயில் மாதிரி ஒரு கட்டடம். உள்ளே மங்கலான வெளிச்சத்தில், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில், பழுப்பு நிறத்தில் அது இருந்தது. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? கைக்குட்டை அளவுகூட இல்லையே!" என்றாள் என் மனைவி. பேரன் இரண்டு நிமிடத்தில் அடுத்த அறைக்குப் போய்விட்டான். நான் அரை மணி நேரம் நின்றேன். பக்கத்தில் இருந்த குறிப்பை அப்போதுதான் நிதானமாகப் படித்து, வீட்டுக்கு வந்து மருமகனின் கணினியில் மேற்கொண்டு தேடினேன். நான் படிப்பதை நிறுத்திய பிறகும் ஆராய்ச்சி நிற்கவில்லை என்பது தெரிந்தது.

முதலாவது, ராபர்ட்ஸ் ஒப்பிட்டவற்றில் மிக நெருக்கமானது எகர்ட்டன் பாப்பிரஸ் என்ற இன்னொரு கிறிஸ்தவத் துண்டு. அதை 1935இல் பெல்லும் ஸ்கீட்டும் வெளியிட்டபோது சுமார் 150 என்றார்கள். 1987இல் ஜெர்மனியின் கொலோனில் இருந்த இன்னொரு துண்டு அதே பிரதியைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அதில் இரண்டு மெய்யெழுத்துகளுக்கு நடுவில் ஒரு கொக்கிக் குறி இருந்தது. அந்தக் குறி பரவலாக வழக்கத்துக்கு வந்தது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். எனவே எகர்ட்டன் துண்டின் வயது சுமார் 200 என்று பலரும் இறக்கிவிட்டார்கள். ஒரு கொக்கி ஐம்பது வருஷத்தை விழுங்கிவிட்டது! அதன் தோளில் சாய்ந்திருந்த பி 52 மட்டும் அசையாமல் நிற்க முடியுமா?

இரண்டாவது, 2005இல் பிரெண்ட் நாங்பிரி என்ற ஆய்வாளர் ஹார்வர்ட் இறையியல் இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தேதி உள்ள ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்து, இதைப் போன்ற எழுத்து இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்கூட இருக்கிறது என்று காட்டினார். துண்டு பிற்காலத்தது என்று அவர் சாதிக்கவில்லை. கையெழுத்தை மட்டும் வைத்து அந்தக் காலத்தை ஒதுக்கிவிட முடியாது என்றுதான் சொன்னார். 2012இல் பாஸ்குவாலே ஓர்சினி, வில்லி கிளாரிஸ் என்ற இருவர் 125 முதல் 175 வரை என்றார்கள். வேறு சிலர் இரண்டாம் மூன்றாம் நூற்றாண்டு என்று பொதுவாகவே விட்டுவிட்டார்கள். கார்பன் சோதனை செய்யலாமே என்று கேட்பீர்கள். அதற்குத் துண்டில் கொஞ்சத்தை அழித்தாக வேண்டும். அப்போதும் கிடைக்கப்போவது ஒரு வருடம் அல்ல, பல பத்தாண்டுகள் விரியும் ஒரு எல்லைதான்.

இதனால் பௌர் சொன்னது சரியாகிவிடாது. 180 வாக்கில் எழுதிய இரேனியஸ் நான்கு சுவிசேஷங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். யோவான் சுவிசேஷம் முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்பதே இன்றும் பெரும்பாலோர் கருத்து. அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அந்தச் சுமையை இந்தச் சின்னத் துண்டின் தலையில் மட்டும் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான். புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய பிரதிகளில் ஒன்று என்ற பெருமை அதற்கு இருக்கிறது. 'ஒரே ஒன்று', 'முதலாவது' என்று அடித்துச் சொல்வதற்கு மட்டும் இப்போது தயங்குகிறார்கள்.

மகள் வீட்டிலிருந்து திரும்பியதும் அலமாரியில் இருந்த அப்பாவின் கடைக் கணக்குப் பேரேடுகளை எடுத்துப் பார்த்தேன். 1946ஆம் வருடத்துப் பேரேடு ஒன்று, 1983ஆம் வருடத்தது ஒன்று. தேதியைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். அதே சாய்வு, அதே சுழி, அதே 'கை'. எது முந்தியது என்று பெற்ற பிள்ளையாலேயே சொல்ல முடியவில்லை. 37 வருடம்! 14ஆம் அறைக்காரன் நாற்பது என்று சொன்னான். மூன்று வருடம்தான் வித்தியாசம்.

திருத்தம்

நண்பர்களே, துண்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதை எழுதிய பெயர் தெரியாத மனிதர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். இரண்டு இடத்தில் எழுத்து மாறியது, ஒரு தொடர் விட்டுப்போயிருக்கலாம். ராபர்ட்ஸும் எல்லையோடுதான் சொன்னார். எல்லையை உதிர்த்துவிட்டு ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டவர்கள் என்னைப் போன்ற மேடைப் பேச்சாளர்கள். சரித்திர ஆசிரியன் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம், எதைத் தெரியும், எவ்வளவு தெரியும் என்று சேர்த்துச் சொல்வது. அதை எனக்குச் சொல்ல வந்தவன் கணிதம் படித்தவன்.

1994இல் தாளோடு வந்து நின்ற மாணவனின் பெயர் எனக்கு நினைவில்லை. அவனும் எங்கேயாவது ஆசிரியராக இருக்கலாம். 2ஆம் நூற்றாண்டு என்பதுகூட முழு நிச்சயம் இல்லை என்று இன்று அவனிடம் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் விடை என் விடையைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. தம்பி, அந்த ஒரு மதிப்பெண் உன்னுடையது.

14ஆம் அறைக்காரனுக்கு: நீ வருவதாகப் பதிவு செய்திருக்கிறாய் என்று மலர்க் குழுவில் சொன்னார்கள். 1975இல் நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. பதில் இதுதான்: முன்னே பின்னே ஐம்பது வருஷமாவது பிசகும். கேள்வி சரி, பதில் சொன்னவன்தான் சரியில்லை. அன்று நம் அரங்கில் எல்லோர் முன்னாலும் சிரிக்க வைத்தேன். அதனால் எல்லோரும் படிக்கிற இந்த மலரிலேயே மன்னிப்பும் கேட்கிறேன். இந்தக் கட்டுரையையும் நான் கையால்தான் எழுதினேன். அச்சுக் கோர்ப்பவர் கையெழுத்து புரியவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். நீ பக்கத்தில் இல்லாத குறை.

எங்காவது ஒரு வரி விட்டுப்போயிருந்தால், நேரில் வரும்போது சொல்.

(கட்டுரையாளர்: பி.ஏ. வரலாறு, 1972 - 75 அணி, ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர்)